ஐந்தாவது தட்டின் தரம்

ஒரு நல்ல கிராமபோன் தட்டை நல்ல தட்டு என்று சொல்ல நான் பயந்தது என் தொழில் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் அதைச் சொல்லலாம் என்று தோன்றுகிறது. கீறலை எப்படிப் பார்ப்பது, தூசியை எதனால் துடைப்பது, வெளிச்சத்தில் எப்படிச் சாய்த்துப் பிடிப்பது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. போன மாதம் என்னைப் பார்க்க வந்த பிள்ளைகளில் ஒரு பெண் பையிலிருந்து பூதக்கண்ணாடியே எடுத்தாள். சந்தோஷமாக இருந்தது. ஆனால் எதிரே ஓர் ஆள் நின்றுகொண்டு, "இதை இப்படிச் சொல்லாதே, அப்படிச் சொல்" என்று கண் கலங்கக் கேட்கும்போது என்ன செய்வது என்பதற்குக் கண்ணாடி உதவாது. அதற்கு நீங்கள் முன்கூட்டியே கொஞ்சம் யோசித்து வைத்திருக்க வேண்டும். நான் யோசித்து வைத்திருக்கவில்லை.

ஐம்பதுகளின் கடைசியில், விழுப்புரம் ஜங்ஷனிலிருந்து ஊருக்குள் வரும் சாலையில், ஒரு ரேடியோ ரிப்பேர் கடையின் முன்பாதியில் நான் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் இன்று வினைல் என்று கொண்டாடும் தட்டுகள் அப்போதுதான் ஒன்றிரண்டாக வரத் தொடங்கியிருந்தன. என் கையில் புழங்கியது பெரும்பாலும் அதற்கு முந்தைய அரக்குத் தட்டுகள். கை தவறினால் அப்பளம் மாதிரி நொறுங்கும். பழைய தட்டுகளை வீடு வீடாகப் போய் வாங்கி, துடைத்து, போட்டுக் கேட்டு, தரம் பிரித்து, சேர்ப்பவர்களுக்கு விற்பது என் வேலை. நான்கே நான்கு தரம் வைத்திருந்தேன். முதல் தரம், இரண்டாம் தரம், கேட்கலாம், கழிவு. உறையின் மூலையில் பென்சிலால் எழுதிவிடுவேன். கடலூரிலும் பாண்டிச்சேரியிலும் இருப்பவர்கள் தட்டைப் பார்க்காமலே, நான் எழுதியதை நம்பி வாங்கினார்கள். அந்த நம்பிக்கையை விட்டால் எனக்கு வேறு முதல் கிடையாது.

வாடிக்கைக்காரர்களில் ஒருவரை எல்லாரும் ரிஜிஸ்திரார் என்று கூப்பிடுவார்கள். பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விழுப்புரத்திலேயே வீடு. சினிமாப் பாட்டைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். நாடகத் தட்டு மட்டும்தான் சேர்ப்பார். சினிமா பேசத் தொடங்கிய காலத்தில் ஒரு முழு நாடகத்தையும் ஆறு தட்டில் பதிந்து ஒரே பெட்டியாக விற்றுக்கொண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட ஒரு நாடகம் அவரிடம் இருந்தது. ஐந்தாவது தட்டு மட்டும் இல்லை. கதையில் ஒரு சின்ன ராஜ்ஜியத்து ராணி வருவாள். மற்றத் தட்டுகளில் இரண்டொரு வார்த்தை பேசிவிட்டு ஒதுங்கிவிடுவாள். தன் மகனைச் சிறையில் போட்ட அண்ணனிடம் அவள் நியாயம் கேட்பது ஐந்தாவது தட்டில்தான். அந்தத் தட்டு இல்லாததால், கேட்பவருக்குக் காரணமே தெரியாமல் ஆறாவது தட்டில் அண்ணன் அழுது மன்னிப்புக் கேட்பான்.

"அவன் ஏன்ப்பா அழறான்? அந்தம்மா என்னதான் சொல்லிச்சி? அத்த கேக்காம என்னால கண்ண மூட முடியாது" என்பார் ரிஜிஸ்திரார்.

தேடினாலும் ஒரு கறார் உண்டு அவரிடம். விரிசல் விட்டது, உடைந்து ஒட்டியது எதையும் வீட்டுக்குள் சேர்க்க மாட்டார். நான் கழிவு என்று சொல்லிவிட்டால் வந்து பார்க்கக்கூட மாட்டார்.

அந்தத் தட்டு திண்டிவனத்தில் கிடைத்தது. பஸ் நிற்கும் இடத்துக்கு அடுத்த தெருவில் ஒரு காபி ஓட்டல். கூட்டம் சேர்ப்பதற்காக முன்பு கிராமபோன் வைத்திருந்தார்கள். ரேடியோ வாங்கிய பிறகு தட்டுகளை எல்லாம் ஒரு சாக்குப்பையில் போட்டு, மாவு டின்னுக்குப் பின்னால் தள்ளிவிட்டார்கள். ஓட்டல்காரர் சொல்லியனுப்பியதால் போனேன். சினிமாத் தட்டுகள் எல்லாம் ஊசி உழுது உழுது சாம்பல் பூத்திருந்தன. அவற்றுக்கு நடுவில் ஒன்று மட்டும் புத்தம் புதிதாக, கண்ணாடி மாதிரி கறுப்பாக இருந்தது. எடுத்துப் படித்தேன். ஐந்தாவது தட்டு. இரண்டு பக்கமும் ஒரே பெயர் அச்சாகியிருந்தது. கோமளவல்லி.

"இது எப்படிங்க கெடாம இருக்கு?" என்று கேட்டேன்.

"எவன் கேட்டான் அத்த?" என்றார் ஓட்டல்காரர். "வர்றவன்லாம் சினிமாப் பாட்டு போடுன்றான். ஒரு நாளு இத்த போட்டேன். காபிய அப்படியே வெச்சிட்டு எழுந்து போய்ட்டான்."

அங்கேயே கிராமபோனில் வைத்துப் பார்த்தேன். ராணி பேசத் தொடங்கியதும் சுற்றியிருந்த சத்தமெல்லாம் எனக்குக் கேட்கவில்லை. கத்தவில்லை அவள். அழவும் இல்லை. கணக்குக் கேட்பவள் மாதிரி, ஒவ்வொன்றாகக் கேட்டாள். அண்ணன் ஏன் அழுகிறான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. விழுப்புரத்தில் ஒரு ரிஜிஸ்திரார் இதைத்தான் ஊர் ஊராகத் தேடுகிறார், ஆனால் உடைந்தது, நான் கழிவு என்று எழுதியது எதையும் தொடக்கூட மாட்டார் என்று ஓட்டல்காரரிடம் சந்தோஷத்தில் சொல்லிவிட்டேன். எதிரில் ஒரு மல்லாட்டை மண்டி, வேர்க்கடலை மூட்டைகள் வாசல்வரை அடுக்கியிருந்தன. அதன் வாசலில் சாப்பாட்டுத் தூக்கோடு ஓர் அம்மா அசையாமல் நின்று எங்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். நாடகத்தைக் கேட்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஊருக்குத் திரும்பியதும் ரிஜிஸ்திரார் வீட்டுக்குப் போய் தட்டு கிடைத்துவிட்டதாகச் சொன்னேன். மனிதர் கையைப் பிடித்துக்கொண்டார். தரம் என்ன என்று கேட்டார். ஓட்டல் இரைச்சலில் கேட்டதை வைத்துச் சொல்ல மாட்டேன், கடையில் துடைத்து நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருவதாகச் சொன்னார்.

"பையனுக்கு நிச்சயம் ஆயிருக்குப்பா. திண்டிவனத்துப் பொண்ணு. கல்யாணத்துக்குள்ள செட்டும் முழுசாயிடும்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் ரிப்பேர்காரர் வெளியே போயிருந்தார். நான் தனியாக இருந்தேன். மண்டி வாசலில் பார்த்த அதே அம்மா கடைக்குள் வந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். கையில் காலியான பெரிய துணிப்பை. கல்யாணத்துக்குப் பாத்திரம் வாங்க வந்ததாகச் சொன்னார். நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை.

"தம்பி, திண்டிவனத்துல ஒரு பிளேட்டு எடுத்துக்கினு வந்தீங்களே. அது வித்துடுச்சா?"

"இன்னும் இல்லம்மா. இன்னிக்கு சாயங்காலம் ஒருத்தர் வர்றாரு."

"ரிஜிஸ்திரார்தானே?"

"ஆமாம்மா."

அவர் தெருவை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு என் மேசைக்குக் கிட்டத்தில் வந்தார்.

"அந்தப் பேருல இருக்கறது நான்தான் தம்பி."

அந்தக் குரலை அப்போதுதான் கவனித்தேன். தட்டில் இருந்ததைவிடக் கொஞ்சம் கனத்திருந்தது. மற்றபடி அதேதான்.

கோமளவல்லியம்மாள் நின்றுகொண்டே சொன்னார். தெற்கேயிருந்து வந்த நாடகக் கம்பெனியில் சின்னப் பெண்ணாகச் சேர்ந்தவர். ஒரு முறை சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசவைத்துப் பதிந்தார்கள். கம்பெனி திண்டிவனத்தில் கூடாரம் போட்டிருந்தபோது முதலாளி ஓடிப்போய்விட்டார். நடிகர்கள் ஆளுக்கு ஒரு பக்கமாகச் சிதறினார்கள். மண்டி வைத்திருந்தவர் மனைவியை இழந்து கைக்குழந்தையோடு இருந்தார். அவர் இவரைக் கோயிலில் வைத்துத் தாலி கட்டிக் கூட்டிப்போனார். ஊருக்கு, தூரத்து உறவுப் பெண், அப்பா அம்மா இல்லாதவள் என்று சொல்லிவைத்தார்.

"எங்க வூட்டுக்காரருக்குத் தெரியும். வேற யாருக்கும் தெரியாது. எம் பொண்ணுக்கே தெரியாது" என்றார். "அந்தக் கைக்கொழந்ததான் இப்ப கல்யாணப் பொண்ணு. ரிஜிஸ்திரார் வூட்டுக்குத்தான் குடுக்கறோம்."

நான் மேசைமேல் இருந்த உறையைப் பார்த்தேன்.

"கூத்தாடி வூட்டுப் பொண்ணுன்னு ஒரு வார்த்த வந்துட்டா போதும் தம்பி. நிச்சயம் பண்ணதும் நிக்காது, ஒண்ணும் நிக்காது. பெத்தவ இருந்திருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது. என்னாலதானே அதுக்கு இந்தக் கதி வரும்? அவரு தட்டு சேக்கறவருன்னே எனக்குத் தெரியாது. ஓட்டல்காரரு சொல்லித்தான் தெரியும்."

"மத்த அஞ்சு தட்டும் அவர்கிட்ட இருக்கும்மா" என்றேன். மறைக்க எனக்குத் தோன்றவில்லை.

அவர் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அதுல நான் ரெண்டு வார்த்ததான் பேசுவேன். பேரும் கெடயாது. இதுலதான் பேரு போட்டிருக்கு. வூட்ல இன்னும் என்ன அதே பேர் சொல்லித்தான் கூப்புடறாங்க." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "ஒடஞ்சி போச்சின்னா வாங்க மாட்டாராமே? கழிவுன்னு எழுதிடுங்க தம்பி. உங்களுக்குப் புண்ணியமா போவும்."

எவ்வளவு சுலபம் என்று பாருங்கள். பென்சிலால் ஒரு சொல். அதற்காக ஒரு கல்யாணம் நடக்கும். யாருக்கும் நஷ்டமில்லை. ரிஜிஸ்திராருக்கு ஒரு ஆசை நிறைவேறாது, அவ்வளவுதான். அப்படித்தான் எனக்கும் முதலில் பட்டது. பென்சிலைக் கையில் எடுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் எழுத வரவில்லை. நான் இல்லாத விரிசலை எழுதினால், இருக்கிற விரிசலை எழுதும்போது யார் நம்புவார்கள் என்று ஒரு பக்கம் யோசனை. அதைவிடப் பெரிதாக இன்னொன்று. இந்தத் தட்டு கழிவு என்றால் ரிஜிஸ்திரார் தேடுவதை நிறுத்திவிடுவாரா? அதே தட்டு வேறு ஊரில், வேறு பெட்டியில், நாளைக்கே கிடைக்கும். கல்யாணத்துக்கு மறுவாரம் கிடைத்தால்? பேரப்பிள்ளை பிறந்த பிறகு கிடைத்தால்? இந்த அம்மா ஒவ்வொரு முறையும் சம்பந்தி வீட்டுக்குள் நுழையும்போது பெட்டியைப் பார்த்துக்கொண்டே நுழைய வேண்டும். நான் எழுதும் ஒரு சொல் அவரைக் காப்பாற்றாது, பயத்தைத் தள்ளிப்போடும்.

இதை நான் இவ்வளவு தெளிவாக அவரிடம் சொல்லவில்லை. திக்கித் திணறிச் சொன்னேன்.

"அம்மா, தரத்த மாத்தி எழுத என்னால ஆவாது. ஆனா நீங்க இங்க வந்தது, சொன்னது எதுவும் என் வாயால வெளிய போவாது. அது சத்தியம்."

"அத்த வெச்சிக்கினு நான் என்ன பண்றது தம்பி?" என்றார். கோபம் இல்லை. களைத்துப்போன குரல். "ஒரு தபா காட்டுங்க, பாத்துட்டுப் போறேன்."

உறையிலிருந்து தட்டை எடுத்துக் கையில் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது. கீழே சிமெண்ட் தரை. விரல்களைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும், அவருடைய கவலை தீர்ந்தது. பிடுங்கவும் முடியாது, பிடுங்கினாலே உடையும். அவர் தன் பெயரைத் தடவிப் பார்த்தார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் ஓரத்தைப் பிடித்து, குழந்தையைக் கொடுப்பது போலத் திருப்பிக் கொடுத்தார்.

"கை வரல" என்றார். "பாத்திரக் கடைக்குப் போய்ட்டு வர்றேன். பஸ்சுக்கு நேரம் இருக்கு. அதுக்குள்ள வேற வழி இருக்குதான்னு நீங்களும் கொஞ்சம் யோசிங்க."

அவர் போய்ப் பாதிப் பகல்கூட ஆகவில்லை. சாயங்காலம் வருகிறேன் என்ற ரிஜிஸ்திரார் மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு வந்துவிட்டார். வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "தூக்கம் வரலப்பா, அதான் வந்துட்டேன்" என்றார்.

எனக்குள் ஓடியது ஒன்றுதான். இவரை ஜல்தியாக அனுப்பிவிட வேண்டும். அந்த அம்மா திரும்பி வருவதற்குள் இவர் கிளம்பியாக வேண்டும். தட்டு இன்னும் துடைக்கவில்லை என்று சொல்லலாமா? ஊசி இல்லை என்று சொல்லலாமா? அதற்குள் அவர் மேசைமேல் இருந்த உறையைப் பார்த்துவிட்டார். தொடவில்லை. தொடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"என்ன தரம்?"

இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அந்தக் கேள்விக்கும் என் பதிலுக்கும் நடுவில் இருந்த நேரம் மிகக் கொஞ்சம். அதற்குள் எதையும் புதிதாக யோசிக்க முடியாது. முன்னால் என்ன முடிவு செய்திருக்கிறோமோ அதுதான் வாயில் வரும்.

"முதல் தரம் சார்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "போடு."

புது ஊசி மாற்றிப் போட்டேன். ராணி பேசத் தொடங்கினாள். நான் தட்டைப் பார்க்கவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் சிரித்த முகமாக இருந்தது. பிறகு சிரிப்பு போயிற்று. தலையைக் குனிந்துகொண்டார். பாதியில் கையை உயர்த்தி, "நிறுத்துப்பா" என்றார்.

நிறுத்தினேன். அவர் எழுந்து வந்து, தட்டின் நடுவில் இருந்த பெயரைப் படித்தார்.

"கோமளவல்லி" என்றார் மெதுவாக. "இது யாருன்னு உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்று பொய் சொல்லவும் முடியவில்லை, தெரியும் என்று சொல்லவும் முடியாது. துடைக்கிற துணியை மடித்துக்கொண்டிருந்தேன்.

"எனக்குத் தெரியும்ப்பா" என்றார். "பொண்ணு பாக்கப் போனப்பவே தெரியும்."

துணி கையிலிருந்து விழுந்துவிட்டது.

"எல்லாரும் பொண்ணையே பாத்துக்கினு இருந்தாங்க. உள்ளேருந்து ஒரு குரல். 'காபி ஆறிடப் போவுது, எடுத்துக்கச் சொல்லுங்க'ன்னு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சி. மூணாவது தட்டுல ரெண்டு வார்த்த பேசிட்டுப் போவாளே, அந்த ராணி. என் சம்பந்தி வூட்டு சமையக்கட்டுல நிக்கறா. பேரு தெரியாது அப்ப. இன்னிக்கி அதுவும் தெரிஞ்சிபோச்சி."

"வீட்ல சொன்னீங்களா சார்?" என்று கேட்டேன்.

"அன்னிக்கே சொன்னேன். 'நெசமாவா?'ன்னா எம் பொண்டாட்டி. 'ஆமா'ன்னேன். 'அப்ப வளத்த பொண்ணும் தெளிவா பேசும், நல்லதுதான்'னுட்டா. எங்க அண்ணன் காதுக்குப் போனா முனகுவான். அவன் எதுக்குத்தான் முனகல?"

"அப்போ அவங்ககிட்டயே சொல்லிடலாம் இல்லீங்களா?"

ரிஜிஸ்திரார் தலையை ஆட்டினார். அவர் அவ்வளவு கவலையாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"எப்டிப்பா சொல்றது? அவங்க மறைச்சி வெச்சிருக்காங்க. நான் போயி எனக்குத் தெரியும்னு நின்னா, துப்பு துலக்கிக்கினு வந்திருக்கான்னு நெனைக்க மாட்டாங்களா? மானம் போச்சின்னு அந்தம்மாவே இந்த சம்பந்தம் வேணாம்னு நிறுத்திட்டா? எம் பையன் அந்தப் பொண்ணுதான் வேணும்னு நிக்கறான். பேஜாராயிடும். அதான் வாயத் தொறக்காம இருக்கேன். இந்தத் தட்டு வேற கெடச்சிபோச்சி. வூட்ல வெச்சா, ஒரு நாளு அவங்க வந்து பாத்துட்டா என்ன நெனப்பாங்க? வாங்கறதா வேணாமான்னுதான் ராத்திரியெல்லாம் யோசன."

எனக்கு அந்த இடத்திலேயே உட்கார்ந்து சிரிக்க வேண்டும் போல இருந்தது. அழுதிருந்தாலும் ஆச்சரியமில்லை. காலையில் ஒருவர் இவருக்குப் பயந்து இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இப்போது இவர் அவருக்குப் பயந்து உட்கார்ந்திருக்கிறார். ஆனால் என் நிலைமையைப் பாருங்கள். சத்தியம் செய்திருக்கிறேன். அந்த அம்மா வந்தது வாயால் வெளியே போகாது என்று சொன்னவன், அரைநாள்கூடத் தாண்டாமல் அதை மீறலாமா? நல்ல செய்திதானே, மீறினால் என்ன என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அந்தச் செய்தியை எப்போது, யாரிடம் சொல்வது என்ற உரிமை என்னுடையது இல்லை. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

ரிஜிஸ்திரார் எழுந்தார். "சரிப்பா, அப்புறம் வர்றேன். வேற யாருக்கும் குடுத்துடாத."

"போய்டாதீங்க சார்!" என்று கத்திவிட்டேன். அவர் திடுக்கிட்டுப் பார்த்தார். "இன்னொரு பக்கம் கேக்கலையே. கேட்டுட்டுப் போங்க. சோடா வாங்கியாறேன். வெயிலு தாழட்டும்."

கொஞ்ச நேரத்துக்கு முன்னால் இவரை எப்படி அனுப்புவது என்று தவித்தவன், இப்போது அந்த அம்மா வரும்வரை எப்படி உட்காரவைப்பது என்று தவித்தேன். பக்கத்துக் கடையில் சோடா வாங்கிக் கொடுத்தேன். தட்டைத் திருப்பிப் போட்டு, அவசரமே இல்லாமல் துடைத்தேன். ஏற்கெனவே சுத்தமாக இருந்த தட்டை இன்னொரு முறை துடைத்தேன். புது ஊசியைக் கழற்றிவிட்டு வேறு ஊசி போட்டேன். சாவி கொடுத்தேன். ராணி மறுபடியும் பேசத் தொடங்கினாள். அண்ணனைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் இடம் வந்தபோது வாசலில் பாத்திரம் மோதும் சத்தம் கேட்டது.

கோமளவல்லியம்மாள் படியில் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் புதுப் பித்தளைக் குடம். உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்துவிட்டார். எந்தத் தட்டு ஓடுகிறது என்பதும் காதில் விழுந்துவிட்டது. முகத்தில் ரத்தமே இல்லை. திரும்பிப் போகவும் கால் வரவில்லை அவருக்கு. என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. நான்தான் சொல்லிவிட்டேன் என்று நினைத்திருப்பார்.

ரிஜிஸ்திரார் சடாரென்று எழுந்து நின்றார். சோடா பாட்டிலை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"வாங்க சம்பந்தியம்மா" என்றார். தட்டு ஓடிக்கொண்டே இருந்தது. அந்த அம்மாவின் சின்ன வயதுக் குரல் நியாயம் கேட்டுக்கொண்டே இருந்தது. நிறுத்தலாமா வேண்டாமா என்று நான் கையை நீட்டியபடி நின்றேன்.

ரிஜிஸ்திரார் தொண்டையைச் செருமினார். பிறகு, அந்த நேரத்தில் உலகத்தில் வேறு யாரும் கேட்டிருக்க முடியாத ஒரு கேள்வியைக் கேட்டார்.

"கோவிச்சிக்கக் கூடாது. ரொம்ப வருஷமா எனக்கு ஒரு சந்தேகம். மூணாவது தட்டுல, நீங்க பேசி முடிச்சதும் பின்னால ஒருத்தர் பலமா தும்முவாரு. அது யாரும்மா?"

அந்த அம்மா அவரையே பார்த்தார். கேள்வி உள்ளே போய்ச் சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது. இவருக்குத் தெரியும், தெரிந்து ரொம்ப நாளாகிறது, தெரிந்த பிறகும் சம்பந்தியம்மா என்றுதான் கூப்பிடுகிறார் என்பதெல்லாம் ஒவ்வொன்றாக அவர் முகத்தில் வருவதை நான் பார்த்தேன்.

"ஆர்மோனியக்காரரு" என்றார் கடைசியில். "மூக்குப்பொடி போட்டுக்கினு வந்து ஒக்காந்துட்டாரு. வேணாம்னு எல்லாரும் சொன்னோம், கேக்கல. பதிவு பண்ண வந்திருந்த வெள்ளக்கார தொரைக்குக் கோவம் வந்துடுச்சி. திருப்பிப் பதிய மெழுகுத் தட்டு மிச்சம் இல்ல, அப்படியே வுட்டுட்டாங்க."

சொல்லி முடிக்கும்போதே சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. ரிஜிஸ்திரார் விழுந்து விழுந்து சிரித்தார். "பொடியா! நான் சளின்னு இல்ல நெனச்சேன்!" என்றார். நான் ரேடியோப் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டேன். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவ்வளவு நேரம் நின்றுகொண்டே இருந்திருக்கிறேன் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பிறகு அந்த அம்மா உட்கார்ந்தார். குடத்தை மடியில் வைத்துக்கொண்டார். பெண்ணிடம் தானே சொல்லிவிடுவதாகச் சொன்னார். ரிஜிஸ்திரார், "சொல்றப்ப இந்தத் தட்ட போட்டுக் காட்டுங்க. நான் குடுத்தனுப்பறேன்" என்றார். கடைசியில் ஆறு தட்டும் அவர் வீட்டிலேயே இருக்கட்டும், பெண்ணும் அங்கேதானே வரப்போகிறாள் என்று முடிவாயிற்று. தட்டை முதலிலிருந்து போடச் சொன்னார்கள். இரண்டு பேரும் பேசாமல் கேட்டார்கள். நடுவில் அந்த அம்மா மட்டும் ஓரிடத்தில் உதட்டைச் சுளித்தார்.

தட்டை உறையில் போட்டு, பென்சிலை எடுத்து, அவர்கள் இருவரும் பார்க்க மூலையில் எழுதினேன். முதல் தரம்.

கோமளவல்லியம்மாள் எட்டிப் பார்த்தார்.

"மொதல் தரம்னா எழுதறீங்க? அண்ணன கூப்புடற எடத்துல சுருதி எறங்கிப்போச்சே, கேக்கலையா?"

"அது என் கணக்குல வராதும்மா" என்றேன். "நான் தட்டுக்குத்தான் தரம் போடறேன்."